வீட்டுல இல்லாதவன் பாக்குற வீடு

மார்ச் பாதி தாண்டினா போதும், நம்ம மக்களுக்கு ஒரே நேரத்துல அருள் வந்துடும். "வீடு மாறப் போறீங்களா? இதோ 25 டிப்ஸ்!" அட்டைப்பெட்டி மேல ஸ்கெட்ச் பேனால எழுதுங்க, கண்ணாடிச் சாமானை பழைய வேட்டில சுத்துங்க, ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சு வைங்க... எல்லாம் சரிதான் சாமி, ஒண்ணும் தப்பில்லை. ஆனா ஒரு கேள்வி. வீடு மாறி நொந்து போன குடும்பம் உங்களுக்கு எத்தனை தெரியும்? அதுல எத்தனை குடும்பம் கண்ணாடி டம்ளர் உடைஞ்சதால நொந்து போச்சு?

எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு கூட இல்லை. டம்ளர் உடைஞ்சா அரை டஜன் புதுசா வாங்கிக்கலாம். சிக்கல் லாரி வர்ற அன்னிக்கு ஆரம்பிக்கறதில்லை. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, வீடு பாக்க யார் போனாங்கங்கறதுலயே ஆரம்பிச்சாச்சு.

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்தையே எடுத்துக்குங்க. காலைல எட்டரைக்குக் கிளம்பி, ஆணி புடுங்கி, டேமேஜர் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வர்ற ஜீவன். வார நாள்ல வீட்டுக்குள்ள கண்ணு முழிச்சிருக்கற நேரம் நாலு மணி. அதுல ரெண்டு மணி செல்போனுக்கு. இந்த ரங்கமணிதான் ஆப்ல ஃபில்டர் போட்டு, ஆபீஸ்ல இருந்து எத்தனை கிலோமீட்டர்னு பாத்து, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல இருபது நிமிஷத்துல வீட்டை முடிவு பண்றார். அந்த வீட்லயே நாள் பூரா கிடக்கப் போற அம்மா, அப்பா, குழந்தை எல்லாம் பால் காய்ச்சற அன்னிக்குத்தான் வாசப்படியையே பாக்கறாங்க. தங்கமணிக்கு மட்டும் வாட்ஸ்அப்ல ஆறு போட்டோ வரும். அதுல நாலு பால்கனி.

கூட வேலை பாக்கற நண்பர் ஒருத்தர். மேற்கு மாம்பலத்துல இருந்து நாவலூருக்கு மாறினார். பதினாலாவது மாடி, நீச்சல் குளம், ஜிம், ஆபீஸ் பத்து நிமிஷம். ஆள் முகத்துல அப்படி ஒரு பெருமை. அப்பாவுக்கு 74 வயசு, சர்க்கரை. மாம்பலத்துல அவருக்கு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. காலைல காய்கறி, சாயங்காலம் அயோத்தியா மண்டபம், நடுவுல கணக்கு எழுதி மாத்திரை குடுக்கற மருந்துக்கடை, இருபது வருஷமா பாக்கற டாக்டர், எல்லாமே நடக்கற தூரம். நாவலூர்ல மாத்திரை வாங்கணும்னா ஓஎம்ஆரை குறுக்கே கடக்கணும். கடந்து பாத்தவங்களுக்குத் தெரியும் அது என்ன சாகசம்னு. இல்லைன்னா ஆப்ல ஆர்டர் பண்ணி ஓடிபி சொல்லணும். ரெண்டு மாசத்துல மனுஷன் லிஃப்ட்ல இறங்கறதையே விட்டுட்டார். நடை நின்னு போச்சு, சர்க்கரை ஏறிடுச்சு. தங்கமணிக்கு வேலை கிண்டில. அவங்க பயணம் இருபது நிமிஷத்துல இருந்து ஒண்ணேகால் மணி ஆச்சு. பொண்ணுக்கு வேன் காலைல ஆறே முக்காலுக்கு.

மொத்தத்துல அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு தினம் ஒரு மணி நேரம் மிச்சம். அதுவும் எட்டு மாசம்தான். ஒன்பதாவது மாசம் ப்ராஜெக்ட் மாறி ஆளை ராமாபுரத்துக்கு அனுப்பிட்டாங்க. அவ்வ்வ்வ்...

"வாடகை குடுக்கறவன்தானே முடிவு பண்ணணும்?"னு கேக்கற அண்ணாத்தைகளுக்கு: மேல சொன்ன வீட்ல தங்கமணியும் சம்பாதிக்கறாங்க. அப்பாவுக்கு பென்ஷன் வருது. அங்கயும் ஃபில்டர் போட்டது யாருங்க? இது காசு விஷயமே இல்லை. வீடுன்னா ராத்திரி தூங்கற இடம்னு நினைக்கறவன் கையில வீடு பாக்கற வேலையைக் குடுத்ததுதான் விஷயம்.

அம்மாவை அனுப்பிப் பாருங்க. போனதும் முதல்ல குழாயைத் திறப்பாங்க. ஒரு வாய் குடிச்சுப் பாத்து உப்பா இல்லையான்னு சொல்லிடுவாங்க. துணி எங்க காயப் போடறது, பாத்ரூம் வாசல்ல படி இருக்கா, முட்டிவலிக்காரங்க ராத்திரி எழுந்து போனா பிடிச்சுக்க ஏதாவது இருக்கா, பக்கத்து வீட்ல பகல்ல ஆள் இருக்காங்களா... நம்மாளு போனா வைஃபை சிக்னல் பாப்பான். போறதும் வார நாள்ல போகணும். ஞாயித்துக்கிழமை காலைல சென்னைல எந்தத் தெருவும் சொர்க்கம்தான்.

தண்ணி பத்தி இன்னும் கொஞ்சம். நாம வீடு பாக்கறது பள்ளிக்கூட லீவை ஒட்டி, ஏப்ரல்-மே மாசத்துல. வெயில்ல தண்ணி வருதான்னு அப்போ தெரியும். மழைல தண்ணி நிக்குமான்னு தெரியவே தெரியாது. நவம்பர்ல பாத்தா அப்படியே தலைகீழ். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்ன ஆச்சுன்னு எல்லாரும் பாத்தோம். 2019 ஜூன்ல அதே ஊர்ல தண்ணி இல்லாம, ஓஎம்ஆர் கம்பெனிங்க ஆளுங்களை வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொன்னாங்க. செவுத்துல இருக்கற தண்ணிக் கறையை ஓனர் பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பார். தெருமுனை இஸ்திரிக்காரர் மறைக்க மாட்டார். "2023-ல இங்க எது வரைக்குண்ணே வந்துச்சு?"ன்னு கேளுங்க, முட்டியா இடுப்பான்னு கையால காட்டுவார். புரோக்கர் கிட்ட கேக்காதீங்க, அவருக்கு மழைன்னா என்னன்னே தெரியாது.

அடுத்து இந்த 11 மாச அக்ரிமென்ட் கூத்து. ஜூன் 1-ல ஆரம்பிச்சா ஏப்ரல் கடைசில முடியும். நல்லாத்தான் இருக்கு. புதுப்பிச்சா அடுத்தது மார்ச் கடைசி. அதுக்கும் அடுத்தது பிப்ரவரி கடைசி, அதாவது பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கற நேரம். ஓனர் அப்போ பாத்து "பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்க"ம்பார். புதுப்பிக்கும்போது மே மாசம் முடியற மாதிரி போடுங்கன்னு கேக்க ஒரு நிமிஷம் ஆகுமா? யாரும் கேக்கறதில்லை. ஏன்னா கையெழுத்துப் போடறவருக்கு பரீட்சை எந்த மாசம்னு தெரியாது. பள்ளிக்கூடம் மாத்தினா டிசி ஒரு பாடு. ஃபீஸ் பாக்கின்னு டிசில எழுதக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல சொல்லியிருக்கு. பள்ளிக்கூட ஆபீஸ்ல போய் அதைச் சொல்லிப் பாருங்க, உங்களை ஒரு மாதிரி பாப்பாங்க. ஆனாலும் சொல்லுங்க.

அட்வான்ஸ் விஷயத்துல நம்மாளுங்க கணக்கு இன்னும் பிரமாதம். பழைய ஓனர் சாவி வாங்கின கையோட பணம் தருவார், அதை அப்படியே புது ஓனருக்குக் குடுத்துடலாம்! எந்த ஊர்ல சார்? 2019 பிப்ரவரி 22-ல இருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் நடைமுறைல இருக்கு. ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு வாடகை அதிகாரி கிட்ட பதிவு பண்ணணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா "வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய"ன்னு ஒரு ஓட்டை வெச்சிருக்காங்க, அந்த ஓட்டை வழியா ஆறு மாசம், பத்து மாசம்னு லாரியே போகுது. காலி பண்ணினப்புறம் திருப்பித் தர சட்டமே ஓனருக்கு ஒரு மாசம் அவகாசம் குடுக்குது. அந்த ஒரு மாசத்துக்கான பணம் கைல இல்லாம வண்டி புக் பண்ணினா, தங்கமணி வளையல்தான் அடகுக்கடைக்குப் போகும். வீட்டை முடிவு பண்ணும்போது கேக்காத ஆளை வளையல் கேக்கும்போது மட்டும் கேப்பாங்க.

மூவர்ஸ் பத்தி நீங்கள்லாம் எழுதிட்டீங்க, விட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு: "இன்சூரன்ஸ் மூணு சதவீதம்"னு வாங்கினா பாலிசி எந்தக் கம்பெனி, யார் பேர்லன்னு காகிதத்தைக் காட்டச் சொல்லுங்க. பாதிப் பேர் பேச்சை மாத்துவாங்க. கேஸ் சிலிண்டரை லாரில ஏத்தாதீங்க. வெளியூர்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சில ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு, அங்க போய் புதுசா எடுக்கணும். இதை மறந்துட்டு, பால் காய்ச்சற அன்னிக்கு இண்டக்‌ஷன் அடுப்புல பால் பொங்குமா பொங்காதான்னு நாலு மாமிங்க பட்டிமன்றம் நடத்தினதை நான் நேர்ல பாத்திருக்கேன் :)

இந்த சீசன்ல யாராவது வீடு மாறினா ஒரே ஒரு பரிசோதனை பண்ணுங்க. நீங்க போகாதீங்க. வீட்ல இருக்கறவங்க போய்ப் பாத்து, மூணு வீட்டை ஒதுக்கி, நாலாவதுக்கு சரி சொல்லட்டும். நீங்க பத்து கிலோமீட்டர் கூடுதலா வண்டி ஓட்டுங்க. முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு இங்க வந்து சொல்லிட்டுப் போங்க, கும்மி அடிக்க நான் ரெடி.

டிஸ்கி: வோட்டர் லிஸ்ட்ல முகவரி மாத்தணும்னா படிவம் 8. வேற தொகுதிக்குப் போனாலும் அதேதான். படிவம் 6 முதல் தடவை பேர் சேக்கறவங்களுக்கு. வீட்ல எல்லாருக்கும் சேத்துப் போடுங்க, உங்க பேருக்கு மட்டும் போட்டுட்டு வராதீங்க.