வானலையை விட்டு விலகும் மூத்தோர்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் வசிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். ‘ஹாம்’ என்று வழங்கப்பெறும் இவ்வன்பர்கள், ஊதியமோ வாணிப நோக்கமோ இன்றி, தம் சொந்த நிலையத்திலிருந்து உலகெங்கும் உள்ள பிற அன்பர்களுடன் செய்தி பரிமாறிக்கொள்வோராவர். இன்று அம்முதியவரின் கருவி துணி போர்த்திக் கிடக்கிறது. நெடுநாள் பழகிய வேறு சிலரும் இவ்வாறே ஓசையின்றி விலகியிருக்கின்றனர்.

கைப்பேசியும் இணையமும் வந்தபின் வானொலி எதற்கு என்று இவர்கள் சலித்துவிட்டனர் எனப் பலரும் கூறுவர். இக்கூற்று முற்றிலும் பொருந்தாது. வீட்டிலே தொலைபேசி இருந்த நாளிலும் இவர்கள் வானலையை நாடியவர்களே. பேசுவதைக் காட்டிலும், தம் கையால் அமைத்த சாதனம் கடல் கடந்து கேட்கிறதா என்று அறிவதிலேயே இவர்களுக்கு இன்பம் இருந்தது.

இடையூறுகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்குரிய அரை அலைநீள வான்கம்பி ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் வேண்டும். தோட்டம் சூழ்ந்த பழைய வீடுகளில் இரு மரங்களுக்கிடையே அதைக் கட்டிவிடலாம். அவ்வீடுகள் பல அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. நம் முதியவர் குடியேறிய கட்டடத்திலும் மொட்டைமாடியில் கம்பி கட்ட இசைவு கிடைக்கவில்லை. சன்னலோரம் கட்டிய சிறு கம்பியிலோ இரைச்சலே மிகுதி. எல்.இ.டி. விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் மின்காந்தக் குறுக்கீட்டில், தொலைவிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை மூழ்கிவிடுகிறது.

சூரியனும் ஒரு காரணம். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியப் புள்ளிகளைப் பொறுத்தே அயனி மண்டலம் சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகிறது. 2019-ஆம் ஆண்டு இறுதியில் அச்சுழற்சி மிகத் தாழ்ந்தபோது, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் பெரும்பாலும் ஊமையாயிருந்தன. 2024-இல் அது உச்சத்தை எட்டியது. சூரியன் மீண்டும் எழுந்தது, முதியவர் மீளவில்லை. ஏன் என்று வினவினேன். “கற்றுக்கொள்ள ஒருவரும் வருவதில்லை, தம்பி. யாருக்காகத் திறந்து வைப்பது?” என்றார்.

என் கருத்தில் இதுவே மூல காரணம். இடமின்மையையும் இரைச்சலையும் பொறுத்துக்கொள்பவர்கூட, தம் அறிவு எவர்க்கும் வேண்டப்படவில்லை என்று உணர்ந்தால் விலகிவிடுகிறார்.

இது தனி மனிதர் இழப்பு மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேயர் சென்றிருந்த ஹாம் குழுவினரே தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பி உதவினர். நம் நகரத்துக்கும் இத்துறையில் பங்குண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ நிறுவனம், உலக ஹாம் அன்பர்களின் பயனுக்காக 42.5 கிலோகிராம் எடையுள்ள ஹாம்சாட் என்னும் துணைக்கோளை 2005 மே 5 அன்று விண்ணில் செலுத்தியது. அது 2014 வரை பணியாற்றியது. இத்தகைய ஆற்றலைப் பேரிடர் வந்த நாளில் புதிதாகத் தேடிப் பெற இயலாது. இரைச்சலிலிருந்து சொல்லைப் பிரித்தறியும் செவி, பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே அமைவது.

பரிகாரம் எளியது. முதியவருக்கு மொட்டைமாடி இல்லை, பள்ளிக்கு உண்டு. பள்ளியில் இத்துறை பயிற்றுவோர் இல்லை, முதியவர் உண்டு. இவ்விருவரையும் சேர்த்துவைப்பது ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. உரிய உரிமத்துடன் பள்ளியில் நிலையம் அமைத்து, வாரம் ஒரு மாலை மாணவர்களை அங்கே அமர்த்தலாம். அலைநீளம், மின்சுற்று, அயனி மண்டலம் ஆகிய பாடங்கள் செவிவழியே தெளிவாகும். வெள்ளமும் புயலும் தாக்கக்கூடிய பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர்கள், தம் வட்டாரத்து மூத்த ஹாம் அன்பர் யாரென இன்றே விசாரித்து அறிவார்களாக.

அவரிடம் நாம் சென்று கேட்டால் அத்துணி விலகும் என்பது என் நம்பிக்கை.