தட்டிப் பார்த்தால் தெரியும்

வில்லியனூர் கடைத்தெருவில் பலாப்பழம் வாங்குகிற பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? காசை எடுப்பதற்கு முன்னால் பழத்தை நாலு தட்டு தட்டுவார்கள். 'டொக்'கென்றால் காய். 'தொப்'பென்றால் பழம். கத்தி வைக்காமலே உள் விவகாரம் வெளியே வந்துவிடும்.

பழம் இருக்கட்டும். பாகூர்ப் பக்கம் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது, தெரியுமோ? மத்திய அரசின் கணக்கில் புதுச்சேரி பேரில் சுமார் 416 மில்லியன் டன். மேலே நெல், கீழே நெருப்பு! பக்கத்து நெய்வேலியில் திறந்தவெளிச் சுரங்கம், தலைக்கு மேலே ஆகாசம்தான். ஆனால் ஜார்க்கண்ட், தெலங்கானா பக்கம் பூமிக்குள்ளேயே இறங்கி வெட்டுகிற சுரங்கங்கள் உண்டு. அங்கே தலைக்கு மேலே பாறை. தொழிலாளி அதைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் வேலையைப் பார்க்கலாம். மொத்தென்று கேட்டால் பாறை விட்டுக்கொண்டிருக்கிறது, இடத்தைக் காலி பண்ணணும்.

கம்பிக்கு எட்டுவது கொஞ்ச தூரம்தான். ஐம்பது மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது? அதற்குத்தான் நில அதிர்வுப் படம். ஒரு பாதையில் சுத்தியலாலோ சின்ன வெடியாலோ ஓர் அதிர்ச்சி கொடுக்கிறார்கள். எதிர்ப் பாதையில் வரிசையாக 'ஜியோபோன்'கள், பாறைக்கு வைத்த ஸ்டெதஸ்கோப் மாதிரி. அதிர்வு வந்து சேர எத்தனை மில்லி செகண்ட் என்பதுதான் கணக்கு. கெட்டிப் பாறையில் விநாடிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடும். நிலக்கரியில் இரண்டு சொச்சம். நொறுங்கிய இடத்தில் இன்னும் தள்ளாடும். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக நூற்றுக்கணக்கில் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் ஆஸ்பத்திரி ஸ்கேன் போலப் படம் வருகிறது. பி.காம். பாஷையில் சொன்னால், எந்த ரூட்டில் லாரி லேட்டாக வருகிறதோ அங்கே ரோடு மோசம்.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் உழைத்த கோலார் தங்கவயலில், ஆழத்தில் பாறை திடீர் திடீரென்று வெடிக்கும். எங்கே வெடித்தது என்று ஜியோபோன் வைத்துக் கண்டுபிடித்தார்கள். தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் ஆரம்பிக்கப்பட்டதும் அதே ஊரில்தான்.

தன்பாத் அருகே சாஸ்னாலா. 1975 டிசம்பர் 27. பழைய குடைவில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 370-க்கும் மேற்பட்டோர் மேலே திரும்பவில்லை.

படம் ஓர் இடத்தில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்லும். அது விரிசலா, களிமண்ணா, தண்ணீரா என்று அதுவே சத்தியம் பண்ணாது. துளை போட்டுப் பார்க்கணும். தண்ணீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய குடைவுக்கு 60 மீட்டருக்குள் போனால் முன்னால் துளைபோட்டுச் சோதித்துக்கொண்டே போகணும் என்று இந்தியச் சுரங்க விதியும் சொல்கிறது. துளை போட நாளாகும், பணமாகும், அந்த மாத டன் கணக்கு இறங்கும். 'ஏன் சார் உற்பத்தி குறைஞ்சுது?' என்று மேலிடத்திலிருந்து போன் வரும். சுரங்க மேனேஜர் அந்த போனுக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதை எந்த ஜியோபோனும் பதிவு செய்வதில்லை.