ஷுக்ர் நாவோடு நின்றுவிடக் கூடாது



"எப்படி இருக்கிறீங்க?" என்று யார் கேட்டாலும் நம் வாயில் முதலில் வருவது "அல்ஹம்துலில்லாஹ்" என்ற வார்த்தைதான். நல்ல பழக்கம். பிள்ளைகளுக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் ஸூரா ஸபஃவின் 13ஆவது வசனத்தில் தாவூத் நபியின் குடும்பத்தாரிடம் அல்லாஹ் நன்றியைச் செயலாகக் கேட்கிறான். நம்மிடமும் அதே கேள்வி இருக்கிறது.

2022ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கேஸ் சிலிண்டருக்கு விடியுமுன்பே வரிசை. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல், அதுவும் கியூஆர் காட்டினால்தான். மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். அப்போதெல்லாம் கரண்ட் வந்தவுடன் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

இன்று சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது. அடுப்பைத் திருப்பினால் நெருப்பு வருகிறது. இதுவும் அதே ரஹ்மத்தான். தட்டுப்பாட்டில் நினைத்த ரப்பைத் தாராளத்திலும் நினைக்க வேண்டாமா?

இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று, பள்ளிவாசலில் வுழூ செய்யும் இடம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் தண்ணீரில் வுழூ செய்ததாக ஸஹீஹான ஹதீஸ்களில் வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு லீற்றர்கூட வராது. நாமோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டே கால் கழுவுகிறோம்.

மற்றது, வலீமா வீடு. ஸஹனில் பாதிச் சோறும் இறைச்சியும் மிஞ்சி, அப்படியே வாளிக்குப் போகிறது. கீழே விழுந்த கவளத்தைக்கூடத் துடைத்துச் சாப்பிடச் சொன்ன நபியின் உம்மத் நாம். அதே ஊரில்தான் காலையில் வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் பிள்ளையிடம் "என்ன சாப்பிட்டீங்க மகன்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். ஆசிரியர்களான நாங்கள் பார்ப்பது இது.

கல்யாணம் வைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சந்தோஷத்தைப் பகிர்வதும் நிஃமத்தை வெளிக்காட்டுவதுதான். ஸஹனில் அளவாகப் போட்டு, கேட்பவர்களுக்கு மீண்டும் கொடுக்கலாம். பந்தி தொடங்குமுன்பே, கை படாத சோற்றில் ஒரு பங்கை எடுத்து, கஷ்டப்படும் வீடுகளுக்குப் பார்சலாக அனுப்பலாம். மிஞ்சியதைக் கொடுப்பதைவிட முதலில் எடுத்துக் கொடுப்பதில் அந்த வீட்டாருக்கும் கண்ணியம் இருக்கிறது. இதற்குப் பெரிய செலவும் இல்லை, கமிட்டியும் தேவையில்லை.

நன்றி செலுத்தினால் அதிகப்படுத்துவதாக ஸூரா இப்ராஹீமில் அல்லாஹ் வாக்களித்திருக்கிறான். அடுத்து வலீமா வைக்க இருப்பவர்கள் இதை இன்றே வீட்டில் கதைத்துப் பாருங்கள்.

நாவாலும் கையாலும் நன்றி செலுத்தும் அடியார்களில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.