களவு, கற்பு, கொஞ்சம் காப்பித் தோட்டம்

"காதல், கல்யாணத்துல சரி தப்புன்னு ஒண்ணுமே கிடையாதுங்க. எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். தீர்ப்பு சொல்ல நாம யாரு?"

ஏற்காடு பக்கம் மஞ்சக்குட்டையில இருக்குற நண்பர் ஒருத்தர் அடிக்கடி விடுற வசனம் இது. இதுல பாதி சரி. அந்தப் பாதியை முதல்ல அவருக்கே கொடுத்துடறேன். மீதிப் பாதிக்குத்தான் சண்டை.

அவர் ஊரையே எடுத்துக்குவோம். காப்பித் தோட்ட முதலாளி சேலத்துலேர்ந்து மலையேறின இந்துன்னு வச்சுக்குங்க. பக்கத்து வீட்டுக்காரர் மலையாளி. (கேரளா இல்லைங்க, சேர்வராயன் மலைப் பழங்குடி. பூர்வீகம் காஞ்சிபுரம்னு சொல்லிக்குவாங்க.) முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம். மத்திய அரசு தனியா அறிவிச்சாலொழிய இது பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாதுன்னு அதே சட்டத்தோட 2-வது பிரிவு சொல்லுது. ஆக, பக்கத்து வீட்டுல வழக்கம்தான் சட்டம். சமவெளியில வரதட்சணைக்குக் கடன் வாங்குறாங்க. மலையில பையன் வீடு பரிசம் கொடுக்குறது மரபு. விதவை மறுமணம் கீழ ஒரு காலத்துல புரட்சி. மேல அது பழைய வழக்கம்.

கீழ மட்டும் எல்லாம் நிலையாவா இருந்துச்சு? அகநானூறு 86-ம் பாட்டுல வர்ற கல்யாணத்துல புரோகிதரும் இல்ல, தீ வலம் வர்றதும் இல்ல. பிள்ளை பெத்த பெண்கள் நாலு பேர் நீராட்டி வாழ்த்துறாங்க, அவ்ளோதான். சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு 1953-ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1967-ல அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்தி, முன்னாடி நடந்ததையும் சேர்த்து செல்லும்னு ஆக்குச்சு. அதே ஜோடி, அதே மாலை. நேத்து சட்டப்படி யாரோ, இன்னிக்குத் தம்பதி!

ஆக, சடங்கு மாறும். நண்பருக்கு முழு மார்க்.

இப்ப மீதிப் பாதி. மலையை விட்டு இறங்கினா அந்தப் பக்கம் ஓமலூர். அந்த ஊர் கோகுல்ராஜ், என்ஜினியரிங் படிச்ச தலித் இளைஞர். 2015 ஜூன்ல திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில்ல, கூடப் படிச்ச வேற சாதிப் பொண்ணோட பேசிட்டிருந்தார். அடுத்த நாள் ரயில் தண்டவாளத்துல பிணமாக் கிடந்தார். சாமி பாதி ஆண், பாதி பெண்ணா நிக்கிற கோயில்ல ரெண்டு பேர் உக்காந்து பேசினது குத்தமாப் போச்சு. 2022 மார்ச்சுல மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. முதல் குற்றவாளியோட தண்டனையை 2023-ல உயர் நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு.

"சாதிக்குள்ளதான் கட்டணும், இது எங்க வழக்கம்"னு சொல்றவங்களுக்கு நண்பர் கட்சிப்படி என்ன பதில்? கேட்டா "அது வேறங்க"ங்கிறார். எப்படி வேற? 'வேற'ன்னு சொல்லவே ஒரு அளவுகோல் வேணுமே. அந்த அளவுகோலைக் கையில வச்சுக்கிட்டே இல்லைன்னு ஜல்லியடிச்சா எப்படி?

மலைக்கும் இதே கேள்விதான். பதினஞ்சு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம்னா "அவங்க கலாச்சாரம், நாம தலையிடக்கூடாது"ன்னு நகர்ந்துடறோம். கேக்க மரியாதையா இருக்கும். ஆனா யாருக்கு மரியாதை? அந்தக் கலாச்சாரத்துல அவளும் ஒருத்திதானே, அவளை யார் கேட்டா? 2006-ம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பழங்குடிகளுக்கும் பொருந்தும். அது சரின்னுதான் சொல்வேன்.

இதுல தொல்காப்பியர் என் கட்சி :) அவர் களவுக் காதலைப் பாவம்னு சொல்லல. பொய்யும் குற்றமும் தலைகாட்டின பிறகுதான் பெரியவங்க கல்யாணச் சடங்கை ஏற்படுத்தினாங்கன்னு காரணம் சொல்றார். அதாவது, பழகிட்டு "எனக்குத் தெரியாது"ன்னு கைவிரிக்கிறவனுக்காக வந்த ஏற்பாடு. நோய் பொய், சடங்கு மருந்து. மருந்து ஊருக்கு ஊர் மாறட்டும். நோய் மஞ்சக்குட்டையிலயும் மதுரையிலயும் ஒண்ணுதான்.

"சம்மதம் பாக்குறதெல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி"ன்னு சொல்ல வர்றவங்களுக்கு: பொண்ணு மனசுல ஒருத்தன் இருக்கான்னு வீட்டுக்கு வெளிப்படுத்துறதுக்கு நம்ம அகப்பாட்டு மரபு வச்ச பேரு 'அறத்தொடு நிற்றல்'. அறம்ங்கிற சொல்லை எந்தப் பக்கம் போட்டிருக்காங்கன்னு பாருங்க.

அதனால எந்த ஊர்க் கல்யாணமா இருந்தாலும் எனக்கு மூணே கேள்வி. ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டாங்களா? யாராவது ஏமாத்தப்பட்டாங்களா? ஒத்துவரலைன்னா வெளிய வர வழி இருக்கா? தாலியா, மாலையா, பரிசமா, பதிவு அலுவலகமாங்கிறது அவங்க பாடு.

டிஸ்கி: நண்பர் இதைப் படிச்சுட்டு "இதுவும் உங்க ஊர்க் கருத்துதான்"னு சொல்லுவார். சொல்லட்டும். அந்தப் பதினஞ்சு வயசுப் பொண்ணு முன்னாடி நின்னு சொல்ல முடியுமான்னு மட்டும் கேளுங்க.