வெங்காய விருந்தும் மண் அணைப்பும்

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கிலுள்ள கத்தலோனியாவில் வால்ஸ் என்னும் ஊர், நெருப்பில் சுட்ட வெங்காயத் தண்டினால் பேர் பெற்றது. இத்தண்டுக்குக் கல்சொட் என்றும், பலர் ஒன்றுகூடி அதை உண்ணும் விருந்துக்குக் கல்சொதாதா என்றும் பெயர். ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று அவ்வூரில் பெருவிழா நடைபெறுகிறது. விருந்தின் பெருமையைப் பேசுவோர் பலர். அதற்கு ஆதாரமான வயல் வேலையை எண்ணுவோர் சிலரே.

இப்பயிர் எளிதில் விளைவதன்று. முதலில் வெள்ளை வெங்காய விதையை நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, கோடையில் முற்றிய வெங்காயத்தை எடுக்கின்றனர். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அதையே மறுபடியும் நடுகின்றனர். ஒவ்வொரு வெங்காயமும் பல தண்டுகளாகக் கிளைக்கும். அவை உயர உயர, இருபுறத்து மண்ணையும் இரண்டு மூன்று முறை அணைக்கவேண்டும். வெளிச்சம் படாத பாகம் பச்சை நிறங்கொள்ளாமல், வெண்மையாகவும் மிருதுவாகவும் நீளுகிறது. செடிக்கு மண் அணைத்தலைக் கத்தலான் பாஷையில் கல்சார் என்பர். காலணி அணிதலுக்கும் அதுவே சொல். பயிரின் பெயரும் அவ்வேலையினின்றே பிறந்தது.

அறுவடை நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் நடைபெறும். திராக்ஷைத் தோட்டத்தில் கவாத்துச் செய்த கொடிகளை எரித்து, அந்தச் சுவாலையில் தண்டுகளை மேல்தோல் கருகும்வரை சுடுவர். பின்னர்க் காகிதத்தில் சுற்றி வைத்து, கூரை ஓட்டின்மேல் பரிமாறுவர். உண்போர் கருகிய தோலை உரித்தெறிந்து, வாதுமை, தக்காளி, பூண்டு, உலர்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய் முதலியவை சேர்ந்த குழம்பில் தோய்த்து, தலையை அண்ணாந்து உண்பர். ஒரு பயிரின் கழிவு மற்றொரு பயிருக்கு விறகாவது சிக்கனத்திற்கு நல்ல உதாரணம்.

நெருப்பில் கருகப்போகும் பண்டத்திற்கு இத்தனை கூலிச் செலவு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி பொருத்தமற்றது. கருகுவது மேல்தோலே, உண்ணப்படுவது உள்ளிருக்கும் வெண்பாகம். மண் அணைப்பில் குறைந்தால் அவ்வெண்பாகமும் குறையும். வாங்குவோன் விலை கொடுப்பது அதற்கே.

2002-ஆம் வருஷத்தில் ஐரோப்பிய யூனியன் 'வால்ஸ் கல்சொட்' என்னும் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. குறிப்பிட்ட நான்கு வட்டாரங்களில் விளைந்து, வெண்பாகம் 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும், வேரிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் 1.7 முதல் 2.5 சென்டிமீட்டர் கனமும் உள்ள தண்டுக்கே அப்பெயர் உரியது. இவ்வளவை விவசாயிக்கு விலங்கென்று கருதுதல் தவறு. அது அவனுடைய உழைப்புக்கு வேலியாகும். வேலி இல்லாவிடில், மண் அணைக்காது மலிவாக விற்பவனும் பாடுபட்டு விளைவிப்பவனும் சந்தையில் ஒரே பெயரால் நிற்பார்கள், பாடுபட்டவனே நஷ்டமடைவான்.

விழாக் கூட்டம் பெருகப் பெருக, அவசரமாக விளைவித்து விற்கும் ஆசையும் பெருகுதல் இயல்பு. அவ்வாசைக்கு இடங்கொடுத்தால் முதல் வருஷம் லாபம் வரலாம். பிறகு பெயர் கெடும், பெயரோடு விலையும் கெடும். வாங்குவோரை வயலருகே அழைத்து வருவது விருந்து. அவர்களை மறு வருஷமும் வரச்செய்வது மண்வெட்டியே என்பதில் ஐயமில்லை.