மஞ்சள் சிலந்தியும் ஒட்டடைக் கொம்பும்

பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்காவுக்குப் புறப்படுகிற தாய்மார்களின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. லேகியம், சுக்கு, பூண்டு ஊறுகாய், பழைய வேஷ்டியைக் கிழித்து ஓரம் அடித்த துணிகள். என் பெரியம்மாவும் சென்ற ஆண்டு இப்படித்தான் மூட்டை கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது: “எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டடைக் கொம்பை விட்டுவிட்டேன், பார்! கடைசியில் அதுதான் வேண்டியிருந்தது.”

கமலாவின் வீடு அட்லாண்டா நகரத்துக்கு வடகிழக்கே ஒரு புறநகரில் இருக்கிறது. பின்புறம் மரத் தாழ்வாரம். அதைத் தாண்டிக் கொல்லை. கொல்லைக்கு அப்பால் பைன் மரங்கள். செப்டம்பர் மாதம். குழந்தை பிறந்து இருபது நாள். துணி உலர்த்தலாமென்று காலையில் பின் கதவைத் திறந்த பெரியம்மா, “ஐயோ!” என்று ஒரு கூச்சல் போட்டாராம். தலைக்கு நேராகப் பொன் நிறத்தில் ஒரு பெரிய வலை. அதன் நடுவே, கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம் இருக்கக்கூடிய ஒரு சிலந்தி. மஞ்சள் உடம்பு, அதில் நீலமும் சாம்பலும் கலந்த பட்டைகள், கறுப்புக் கால்களில் மஞ்சள் வளையங்கள்.

“கமலி! குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போடி!”

மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, “அது ஜோரோ, அத்தை. இந்தப் பக்கமெல்லாம் இப்போது இதுதான்” என்றார்.

“ஜோரோவோ கீரோவோ! கடித்தால் என்ன ஆகும்?”

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. அங்கேதான் வந்தது வினை. கடைக்குப் போய் இரண்டு புட்டி பூச்சி மருந்து வாங்கி வந்து, தாழ்வாரம், செடி கொடி, ஜன்னல் ஓரம் என்று ஒன்று விடாமல் அடித்துத் தள்ளிவிட்டார். காற்று அவர் பக்கம் திரும்பியது. ஒரே இருமல், கண்ணில் எரிச்சல். கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தையின் துணிகள்மேலும் மருந்துத் துளிகள் விழுந்தன. பெரியம்மா பன்னிரண்டு துணியையும் மறுபடி இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினார். கமலா கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு நாள் முழுவதும் குழந்தையோடு உள்ளறையில் கிடந்தாள்.

மறுநாள் பார்த்தால் ரோஜாச் செடியடியில் நாலைந்து தேனீக்கள் செத்துக் கிடந்தன. செடியிலேயே வலை கட்டியிருந்த வேறொரு சிலந்தியும் விழுந்து கிடந்தது. ஜோரோவோ கூரை விளிம்புக்கும் மரக் கிளைக்கும் நடுவே, மருந்து எட்டாத உயரத்தில், முன்போலவே சம்பிரமமாக உட்கார்ந்திருந்தது!

அன்றிரவு எனக்குப் போன் வந்தது. “அக்கா, நீ பத்திரிகையில்தானே இருக்கிறாய்? இது விஷமா இல்லையா என்று விசாரித்துச் சொல்லேன். அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.”

விசாரித்தேன்.

ஜோரோவுக்குச் சொந்த ஊர் ஜப்பான், கொரியா, சீனா, தைவான் பிரதேசங்கள். ஜப்பானியரின் பழங்கதைகளில் அழகிய பெண்ணாக உருமாறி ஆடவரை மயக்கும் ஒரு சிலந்தி உண்டு. அதே பெயர்தான் இதற்கும். (சிலந்தி என்றால் பெண், மயக்கு என்றால் பெண்! எந்த நாட்டுக் கதாசிரியரானாலும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான்.) ஜார்ஜியா மாநிலத்தில் இது முதன்முதலாகக் கண்ணில் பட்டது 2013, 2014 வாக்கில். கப்பலில் வரும் சரக்குப் பெட்டகத்தில் தொற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஜப்பானில் பெரும் பகுதியின் தட்பவெப்பமும் ஜார்ஜியாவினுடையதும் ஏறக்குறைய ஒன்றேயாதலால் வந்த இடம் ஒத்துக்கொண்டது. குளிரையும் இது தாங்கும் என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். ஆகவே வடக்கே இன்னும் பரவக்கூடும்.

இனி, பெரியம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருவோம். ஜோரோவுக்கு விஷம் உண்டு. சிலந்திகளில் அநேகமாக எல்லாவற்றுக்குமே உண்டு. ஆனால் அது ஈக்கும் கொசுவுக்கும் போதுமான விஷம். மனிதரின் தோலைத் துளைப்பதே அதன் பற்களுக்குக் கஷ்டம். கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கடிக்க வராது. கடித்தாலும், ஒவ்வாமை இல்லாதவர்களுக்குத் தேனீ கொட்டியது போன்ற வலியோடு போய்விடும். வலையை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்து தொட்டிலில் ஏறுகிற ஜாதி அல்ல.

போதாக்குறைக்கு அது மகா கோழை! அதே பல்கலைக்கழகத்தில் 2023-ல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். பத்து வகைச் சிலந்திகளை எடுத்துக்கொண்டு, அடுப்பில் வேகும் வான்கோழியின்மேல் சாறு ஊற்றுகிற ரப்பர்க் குமிழ்க் குழாய் இருக்கிறதே, அதனால் அவற்றின்மேல் ‘புஸ்’ என்று காற்றை ஊதிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒரு நிமிஷத்துக்குள் சுதாரித்துக்கொண்டன. ஜோரோ மட்டும், அதன் நெருங்கிய உறவான இன்னொரு சிலந்தியைப்போல, ஒரு மணி நேரத்துக்குமேல் அசையாமல் கிடந்ததாம். இதைச் சொன்னதும் பெரியம்மா போனிலேயே சிரித்துவிட்டார். “அடப் பாவமே! என்னைவிட அதுதான் அதிகம் பயந்திருக்கிறது.”

அப்படியானால் விட்டுவிடலாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஜோரோ பெருகிய இடங்களில் உள்ளூர்ச் சிலந்திகள் குறைந்து காணப்படுவதாக ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தவிர, காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் வலை ஒட்டுவதை யார் சகிப்பார்கள், அதுவும் கையில் குழந்தையோடு! மரத்து உச்சியில் இருப்பதை விட்டுவிடலாம். வாசல், நடைபாதை, துணி உலர்த்தும் இடம் ஆகியவற்றில் இருப்பதை எடுத்துவிட வேண்டியதுதான்.

மருந்து ஏன் பயன்படவில்லை என்று கேட்பீர்கள். எறும்பும் கரப்பானும் மருந்து அடித்த தரையில் ஊர்ந்து போய் மாட்டிக்கொள்ளும். இந்தச் சிலந்தியோ தரைக்கே வருவதில்லை. அந்தரத்தில் நூலின்மேல் வாசம். நேராக அதன்மேல் பட்டால்தான் சாகும். அப்படியே செத்தாலும், வசந்த காலத்தில் பொரிக்கிற குஞ்சுகள் ஒரு நூலைக் காற்றில் விட்டு, அதைப் பற்றிக்கொண்டு பறந்து எங்கே வேண்டுமானாலும் போய் இறங்கும். பக்கத்து வீட்டுக் குஞ்சு உங்கள் வீட்டுக்கு வர எத்தனை நேரம் ஆகும்? நடுவில் சாவது தேனீதான்.

பெரியம்மா தாமாகவே ஒரு உபாயம் செய்தார். சுவருக்கு வர்ணம் அடிக்கிற நீட்டுக் கம்பு ஒன்று மாப்பிள்ளையின் கார் கொட்டகையில் கிடந்தது. அதன் நுனியில் பழைய துடைப்பத்தை இறுகக் கட்டினார். ஒட்டடைக் கொம்பு தயார்! வலையை அடிக்கக் கூடாது. அடித்தால் சிலந்தி துள்ளித் தலைமேல் விழும். ஓரத்தில் கொடுத்து, நூல்கண்டு சுற்றுவதுபோல் மெள்ளச் சுழற்றிக்கொண்டே போனால் வலையோடு சிலந்தியும் துடைப்பத்தில் வந்துவிடும். அதை அப்படியே சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கிவிடலாம். “பிள்ளை பெற்ற வீட்டில் நான் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன். சுற்றித் தருகிறேன், மாப்பிள்ளை முக்கட்டும்” என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டாராம். மறுநாள் புது வலை இருந்தால் மறுபடி சுற்றினார். ஒரு வாரத்தில் தாழ்வாரம் சுத்தமாகிவிட்டது.

தாழ்வார விளக்கையும் இரவெல்லாம் எரியவிடாமல் நிறுத்தச் சொன்னேன். விளக்குக்குப் பூச்சி வருகிறது. பூச்சிக்காகச் சிலந்தி வருகிறது. விளக்கு வேண்டியே தீரும் என்றால் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்குப் போடலாம்.

இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும். ரோஜாச் செடியடியில் செத்துக் கிடந்ததே, அது கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள் கொண்ட உள்ளூர்த் தோட்டச் சிலந்தி. வலையின் நடுவே கோலம் இழுத்தாற்போல் வெள்ளையாக நெளி நெளியாக ஒரு பட்டை பின்னியிருக்கும். ஜோரோவின் வலையில் அது கிடையாது. அந்தத் தோட்டச் சிலந்தியை ஒன்றும் செய்யாதீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். உண்மையில் பயப்பட வேண்டிய சிலந்தி அந்த ஊரில் ஒன்று இருக்கிறது: ‘பிளாக் விடோ’. பளபளவென்று கறுப்பு, வயிற்றின் அடியில் மணற்கடிகை வடிவத்தில் சிவப்புக் குறி. ஜோரோவுக்கும் அடிவயிற்றில் சிவப்பு உண்டு. ஆனால் அதன் முதுகு மஞ்சள், இதன் முதுகு கறுப்பு. இது உயரத்தில் ஆடம்பரமாக வலை கட்டி உட்காராது. பூந்தொட்டிக்கு அடியில், விறகு அடுக்கில், தண்ணீர் மீட்டர்ப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். கடித்தால் வயிற்றிலும் முதுகிலும் தசை பிடித்து இழுக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தையென்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஆகவே தொட்டியை நகர்த்தும்போது கையுறை இல்லாமல் அடியில் விரலை நுழைக்காதீர்கள். மஞ்சள் சிலந்தியைப் பார்த்து அலறிவிட்டு, வெறுங்கையோடு பூந்தொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. மறுநாளே கையுறை வாங்கினார்கள்.

நவம்பர் முடிவதற்குள் குளிரில் ஜோரோக்கள் தாமாகவே செத்துப்போகும். ஆனால் அதற்கு முன்பே வெள்ளைப் பட்டுத் துணி சுற்றியதுபோல் முட்டைப் பையை எங்காவது ஒட்டிவிடும். ஒரு பையில் நானூறு, ஐந்நூறு முட்டைகள்! மரப்பட்டை, இலையடி, கூரை விளிம்பு, தாழ்வாரத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் டிசம்பரில் ஒரு தடவை பார்த்துச் சுரண்டிவிட்டால் அடுத்த ஆண்டு வேலை பாதியாகும்.

பெரியம்மா ஊர் திரும்பிய பிறகு கமலா அப்படிப் பார்த்திருக்கிறாள். இரண்டு பைகள் அகப்பட்டன. பழைய தோசைத் திருப்பியால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டாளாம். ஒன்று ஜன்னலின் மேல் விளிம்பில் இருந்தது. மற்றொன்று, இரண்டு மாதமாகத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்த குழந்தையின் தள்ளுவண்டிக்கு அடியில்.