மூலம் என்று சொல்லிவிட்டோம்

சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஈப்போவின் தாமான்களுக்குக் குடியேறியபோது, லயத்துக் கூச்சத்தையும் கூடவே கொண்டுவந்தோம். வெளிக்குப் போகையில் ரத்தம் வருகிறது என்றார் அப்பா. மூலம், உடம்புச் சூடு, மோர் குடிங்கப்பா என்றோம். எத்தனை மாதமாக என்று கேட்கவில்லை. பால்மரம் வெட்டி வளர்த்த அம்மா களைத்து மெலிந்தாள். ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அந்த ரத்தம் எங்கே போகிறது என்றும் கேட்கவில்லை. பெருங்குடல் புற்றுநோயாக இருக்கலாம் என்று நினைக்கவும் இல்லை.

பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சாப்பாட்டுச் சத்து போகும் அதே பாதையில் குடல் கட்டியிலிருந்து உதிர்ந்த அணுக்களும் போய் அங்கே வேர்பிடிக்கின்றன. கல்லீரல் எளிதில் வலிக்காது. காமாலையும் வயிற்றில் நீரும் தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. "ஈரலுக்குப் பரவிடுச்சு, இனி ஒன்னும் செய்ய முடியாது" என்று நாமே தீர்ப்பு எழுதி வீட்டுக்கு அழைத்து வந்தோம். பரவல் கல்லீரலோடு நின்றிருந்தால் பலருக்கு வழி உண்டு. கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அந்தப் பகுதியை அறுத்தெடுக்கலாம். நல்ல ஈரலில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் அது மீண்டும் வளரும். சிறு கட்டிகளை ஊசி செலுத்திச் சுட்டே அழிக்கலாம். அறுவை செய்ய முடிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். இந்த அறுவைக்குப் பேர்போன அரசு மருத்துவமனை சிலாயாங்கில், பத்துமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு வேன் பிடித்துப் போன நாம், சிலாயாங் தூரம் என்றோம்.

2012 முதல் 2016 வரையான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், பெருங்குடல் புற்றுநோய் கண்ட பத்துப் பேரில் ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடத்தினோம், சர்க்கரை பார்த்தோம். மலப் பரிசோதனை என்ற சொல்லை மட்டும் ஒலிபெருக்கியில் சொல்ல நா எழவில்லை. சங்கம் நடத்தியவர்களும் பத்திரிகையில் எழுதியவர்களும் இதில் சேர்த்திதான்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அரசுக் கிளினிக்கில், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் அந்தச் சோதனை இருக்கிறது. கண்ணுக்கே ரத்தம் தெரிந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குக் கேளுங்கள். அப்பாவிடம் இன்று இரவே பேசுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.